தருமன் வீட்டுத் துப்பாக்கி பீரோ

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில், மாடியில்லாத பச்சை வீட்டுக்காரரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு நிஜம்தான். அதுவும் ஒன்றல்ல, மூன்று. ஆனால் அந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு காக்காயைக்கூட விரட்ட முடியாது. வெள்ளைக்காரன் குதிரையில் போன காலத்துக் கைத்துப்பாக்கிகள் அவை. குழல் அடைத்து, உள்விசை செத்துப்போனவை. சுட லாயக்கில்லாத பழம்பொருள் என்று அதிகாரிகளே பார்த்துச் சொல்லி, முறைப்படி தருமன் பெயரில் பதிவானவை. இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே. குப்பை வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திச் சத்தம் போடுகிறவர்கள்கூட அந்த வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

துப்பாக்கிக்காரருக்கு மீசைகூடக் கிடையாது என்பதுதான் வேடிக்கை. தருமன் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்துப் பிடுங்கிய குடும்பத்தில் பிறந்தவர். மின்சார வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, லைன்மேனாகி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். கம்பத்தின் உச்சியில் புயலுக்கு நடுவே பயமில்லாமல் நிற்பார். கீழே இறங்கியதும் மனைவி கஸ்தூரி ஒரு பார்வை பார்த்தால் போதும், செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வருவார்.

ஆற்காட்டில் வேலை பார்த்தபோது பிடித்த பைத்தியம் இது. பழைய நவாபு வழி வந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் மின்சாரம் போய், அதைச் சரி செய்யப் போனார். அந்த வீட்டுப் பெரியவர் டீ கொடுத்துவிட்டு, சும்மா இருக்காமல் பெட்டியைத் திறந்து ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டினார். அக்ரூட் மரப் பிடி, அடியில் பித்தளைப் பூண், குழல் மேல் முடியளவு மெல்லிய கோட்டில் பூவேலை. தருமன் டீயை ஆற விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பெரியவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் பொருள்களை ஏலம் விட்டபோது, இவர் முதல் ஆளாகப் போய் நின்றார். அந்த வருஷத்துத் தீபாவளி போனஸில் வளையல் வரும் என்று கஸ்தூரி கையை நீட்டிக் காத்திருந்தாள். வந்தது துப்பாக்கி. மற்ற இரண்டும் அதே வழியில், அதே மாதிரி வேறு இரண்டு நகைகளுக்குப் பதிலாக வந்து சேர்ந்தன.

வாங்குவது பெரிய காரியமில்லை. வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. முதல் துப்பாக்கியை அதற்கென்றே தைத்த தோல் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் பத்திரமாக வைத்தார் தருமன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை கொட்டித் தீர்த்தது. தை பிறந்து எடுத்துப் பார்த்தால், உறை தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகத் துரு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கஸ்தூரி தட்டைக் கொண்டு வந்து வைத்தும், "யாராச்சும் பச்சக் கொழந்தய ஈரத் துணியில சுத்தி வெப்பாங்களா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் விசாரித்து, படித்து, பட்டுத் தெரிந்துகொண்டு ஓர் ஏற்பாடு செய்தார். வேங்கிக்காலில் வீடு கட்டியபோது குளியலறைச் சுவரை ஒட்டாத அறையாகப் பார்த்து, இரும்பு பீரோவை அங்கே வைத்தார். சுவரோடு சேர்க்கவில்லை, காற்று ஓடுவதற்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். உறை கிடையாது, ஸ்பாஞ்சு கிடையாது. சலவை செய்த பருத்தித் துணி சுற்றிய மரத்தாங்கிகளில் மூன்றும் படுத்திருக்கும். பீரோவின் அடித்தட்டில், கம்பிவலைக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு ராப்பகலாக எரியும். அதன் சூட்டில் உள்ளே காற்று ஈரம் கட்டாது. புதுச் செருப்பு டப்பாவில் சின்னப் பொட்டலமாக வருமே, ஈரம் குடிக்கிற மணி, அதை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். நீலமாக இருக்கிறவரை சரி. ரோஸ் நிறமானால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், எடுத்து வறுத்துக் காயவைக்க வேண்டும். முதல் தடவை கஸ்தூரியின் தோசைக்கல்லில் வறுக்கப்போய், வீட்டில் ஒரு வாரம் தோசையும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு அதற்கென்று ஒரு பழைய வாணலி ஒதுக்கப்பட்டது.

உள்ளே ஒரு வட்ட மீட்டரும் உண்டு. ஈரம் எவ்வளவு என்று காட்டும். முள் ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றால் தருமனுக்குச் சோறு இறங்கும். மேலே ஏறினால் இரும்புக்கு ஆபத்து, ரொம்பக் கீழே போனால் மரப்பிடி வெடித்துவிடும். காலையில் எழுந்ததும் பெண்டாட்டி முகத்தில் விழிக்காமல் மீட்டர் முகத்தில் விழிக்கிற புருஷன் இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று கஸ்தூரி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உட்காருவார். கஸ்தூரி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் இயந்திர எண்ணெயில்தான் முதலில் ஆரம்பித்தார், பிறகு துப்பாக்கிக்கென்றே உள்ள எண்ணெய் வரவழைத்தார். துணியில் ஒரு சொட்டு. இரும்பு முழுவதும் தடவி, உடனே காய்ந்த துணியால் முக்கால்வாசி துடைத்துவிடுவார். "எண்ணெ கம்மியானா இரும்பு போச்சு, ஜாஸ்தியானா மரம் ஊறிப் போச்சு" என்று ஒவ்வொரு வாரமும் யாருமில்லாத அறையில் சொல்லிக்கொள்வார். மரத்துக்கு எண்ணெய் கிடையாது, மெழுகுதான். ஆயுத பூஜைக்கு வீட்டில் அரிவாள்மனை, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் கஸ்தூரி, துப்பாக்கிகளுக்கு மட்டும் பீரோ கதவில்தான் பொட்டு வைக்கலாம். இரும்பில் ஈரச்சந்தனம் படக்கூடாது என்பது உத்தரவு. அவளும் அந்த அறைக்குள் பெருக்கப் போவதோடு சரி. பக்கத்து அறையில் மெஷினை மிதித்தபடி, அவர் சொல்லிக்கொள்வதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தருமனின் நினைவில் அங்கங்கே ஓட்டை விழ ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு சுவிட்சுகள். ஊருக்கே மின்சாரம் கொடுத்த மனிதர், சொந்த வீட்டு ஃபேன் சுவிட்சைத் தேடி நான்கையும் தட்டிப் பார்த்தார். "போர்டு மாத்தி ரொம்ப நாள் ஆவல, அதான்" என்றாள் கஸ்தூரி. ஒரு பௌர்ணமியில் கிரிவலம் போனவர் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். அடி அண்ணாமலையில், தான் பிறந்த தெருவின் முனையில் நின்றுகொண்டு, அடி அண்ணாமலைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாராம். கூட்டத்தில் யாருக்குத்தான் தலை சுற்றாது என்று அதையும் கஸ்தூரி மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

மகன் இளஞ்செழியன் ஓசூரில் வேலையாக இருக்கிறான். அவன் விடவில்லை.

"அம்மா, வேலூர்ல நல்ல நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. ஒரே ஒரு தடவ காட்டிடலாம்மா."

"இன்னாத்துக்கு? உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சு இப்ப?"

"உனக்கே தெரியும். தெரியாத மாதிரி பேசாத."

"எனக்குத் தெரிஞ்சது இதான். ஞாயித்துக்கெழம அந்த பீரோவத் தெறந்தா, ஒரு துணி மாறாது, ஒரு சொட்டு எண்ணெ கூடாது. மூள கலங்கினவரு அப்பிடிச் செய்வாராடா?"

அதற்குச் சாட்சியும் அவளிடம் இருந்தது. போன வருஷம் பொங்கலுக்கு வந்த இளஞ்செழியன், நல்லது செய்கிறதாக நினைத்து, பீரோவுக்குள் இருந்த குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. போட்டுவிட்டான். கரண்ட் மிச்சமாம். மறுநாளே தருமன் மீட்டரைப் பார்த்துவிட்டு, பீரோவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "எவன்டா இத மாத்தினது? வெளிச்சம் இருக்கு, சூடு எங்க?" என்று கத்தினார். கஸ்தூரிக்கு அன்றைக்குப் பால் பொங்கிய மாதிரி சந்தோஷம். மகன் மறுபடி குண்டு பல்பையே மாட்டியதைத் தெருவுக்கே சொன்னாள்.

அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. பயந்தவள். டாக்டர் வியாதிக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது கடைசிவரை கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயர் உள்ள மனிதரிடம் செத்த துப்பாக்கியைக்கூட யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். பீரோ காலியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு மணி நேரம் அவர் பழைய தருமனாக உட்கார்ந்திருப்பாரே, அதுவும் போய்விடும். அது இருக்கிறவரை தன் புருஷன் இருக்கிறார் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் போகட்டும், அது மட்டும் இருக்கட்டும் என்றுதான் அண்ணாமலையாரிடமும் கேட்டுக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் மதியம். காலையிலிருந்தே மழை. மலை மேகத்துக்குள் போய்விட்டது, நாளைக்கு ஜோதி தெரியுமா என்று தெருவெல்லாம் அதே கவலை. கஸ்தூரி பின்பக்கம் தகரக் கூரைக்கடியில் மணைபோட்டு உட்கார்ந்து, குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் தாம்பாளமுமாகப் பரப்பி, புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். தருமன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கறுத்த விளக்கு மஞ்சளாக மாறுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டு மணிமொழி கூப்பிட்டாள். தீபத்துக்குக் கட்டப்போகிற புடவையின் ரவிக்கை தைத்து முடிந்திருந்தது. கஸ்தூரி கையைக் கழுவிக்கொண்டு போனாள். போட்டுப் பார்த்ததில் தோளில் கொஞ்சம் தூக்கியது. பிரித்து, மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டு, பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு எந்தப் பதம் என்று மணிமொழி கேட்டதற்கும் நின்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

பின்பக்கம் வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அவளுடைய மணையில் தருமன் உட்கார்ந்திருந்தார். முன்னால் தண்ணீர் டப்பு. மடியில், வேட்டியெல்லாம் நனைய, ஆற்காட்டிலிருந்து வந்த அந்த முதல் துப்பாக்கி. ஒரு கையில் புளி, ஒரு கையில் தேங்காய் நார். பித்தளைப் பூணைத் தேய்த்து முடித்து, குழலுக்குப் போயிருந்தார். கருநீலமாக, வயசேறிய நிறத்தில் இருந்த குழல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. பூவேலைக் கோடுகளுக்குள் புளிக்கரைசல் தேங்கி நின்றது.

"பாரு, எப்பிடி பளபளன்னு வந்துச்சு!" என்று தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ரெண்டு உள்ள கெடக்குது. அதையும் கொண்டாரட்டா?"

கஸ்தூரிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த இரும்புக்கு என்ன ஆயிற்று என்பதுகூட அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வேர்வைக் கையால் தொட்டாலே பாவம் என்றிருந்த மனிதர், குழந்தை மாதிரி தண்ணீரில் போட்டு அளைந்துகொண்டிருக்கிறார். இனிமேல் மகனிடம் எதைச் சொல்லி வாதாடுவது? தனக்குத்தான் எதைச் சொல்லிக்கொள்வது? இரண்டு வருஷமாக அவள் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தது அந்தத் தகரக் கூரைக்கடியில் விழுந்துவிட்டது.

ஆனால் புளித்தண்ணீர் காத்திருக்காது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"போதுங்க, ரொம்ப நல்லா வந்திருக்கு. குடுங்க, நான் தொடச்சி வெக்கிறேன்" என்று மெதுவாக வாங்கினாள். நல்ல தண்ணீரில் புளி போகக் கழுவினாள். புடவைத் தலைப்பில் தொடங்கி, மடித்து வைத்திருந்த மல் துணியெல்லாம் எடுத்து ஒற்றினாள். கோடுகளுக்குள் துணி முனையைத் திருகி விட்டு ஈரத்தை எடுத்தாள். அறைக்குக் கொண்டு போய், மேசை மேல் துணி விரித்து, ஃபேனைத் தூர வைத்துக் காற்றில் காட்டினாள். அடுப்புச் சூடு ஆகாது, மரம் வெடித்துப்போகும் என்று அவர் சொல்லிக்கொண்டது காதில் இருந்தது. காயக் காய, கோடுகளின் ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

அது காய்கிற நேரத்தில் ஓசூருக்குப் போன் போட்டாள்.

"இளா, அந்த வேலூர் டாக்டருகிட்ட நாள் வாங்கிடுடா."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. நீ வாங்கு." போனை வைத்துவிட்டாள்.

பிறகு அவருடைய கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று நின்றது. துணியில் எண்ணெயைச் சொட்டவிட்டு, குழலின் மேல் தடவத் தொடங்கினாள். தருமன் ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, அவள் எடுத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு, வந்து எதிரில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவள் கையையே கவனித்தார். மழை ஜன்னல் கண்ணாடியில் அடித்தது.

"நல்லா செய்யறீங்கம்மா" என்றார்.

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசுகிற கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. அவளுக்கு இதச் சொல்லிக் குடுக்கணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆச. எனக்கு அப்புறம் பாத்துக்கணும் இல்ல? ஆனா கேக்க பயமா இருக்குது."

"பயம் இன்னாத்துக்கு?" என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"மொத மொத இது வீட்டுக்கு வந்தப்ப, அவ ஆசையா கையில எடுத்துப் பாத்தா. நான் ஒரு மடையன், உன் வேர்வக் கையால தொடாதேன்னு கத்திட்டேன். எங்கம்மா முன்னாடி. அவ அப்பிடியே கீழ வெச்சிட்டா. அதோட சரி, இந்த பீரோ பக்கமே வர்றதில்ல."

கஸ்தூரி அதை மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. அன்றைக்கு மாமியார் முகத்தில் ஓடிய சின்னச் சிரிப்பு வரைக்கும் நினைவிருந்தது. அவர்தான் அதை அன்றைக்கே மறந்துவிட்டார் என்று இத்தனை காலமும் நினைத்து, அதற்காக உள்ளுக்குள் அவரை மன்னிக்காமலே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் பேரெல்லாம் உதிர்ந்துபோன அந்த மனசில் இது மட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எண்ணெய்த் துணியில் கண்ணீர் விழுந்துவிடக் கூடாது என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அவகிட்ட எடுத்துச் சொல்றீங்களா? நான் சொல்லச் சொன்னேன்னு வேணாம். தப்பு என் பேர்லதான்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேங்க."

"கோவப்படுவாளா?"

"மாட்டாங்க. அவங்களும் இந்த வார்த்த எப்படா வரும்னுதான் ஒக்காந்திருக்காங்க."

தருமன் தலையை ஆட்டினார். நிம்மதியானவர் போல நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் கஸ்தூரி. "அப்பதான் நான் அவங்களுக்குச் சொல்ல முடியும்."

அவர் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். கையுறை போட்ட அவள் கையின் மேல் தன் கையை வைத்து, துணியைக் குழலின் நீளத்துக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

"அழுத்தாதீங்க. ஒரே பக்கமா வாங்க. ஆ, அப்பிடித்தான்."